முட்டி வலியா? தொடையிலிருந்து தொடங்குங்கள்

முட்டி வலி வந்த வருடம் அம்மா முதலில் நிறுத்தியது வாசல் கோலத்தை. அப்புறம் மாடிக்குத் துணி காயப்போடப் போவது நின்றது, அப்புறம் தெருமுனைக் கடைக்குப் போவது. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் "நடக்காதீங்க, இருக்கிற ஜவ்வையாவது காப்பாத்துங்க" என்றார்கள், நாங்களும் அவரை நாற்காலியை விட்டு எழவே விடாமல் பார்த்துக்கொண்டோம். 8 மாதம் போனது. வலி அப்படியே இருந்தது, எடை 6 கிலோ கூடியிருந்தது, வலது தொடை மட்டும் கண்ணுக்குத் தெரிகிற அளவு இளைத்திருந்தது. பிசியோதெரபிஸ்ட் அவர் தொடை மேல் உள்ளங்கையை வைத்து "இங்க இறுக்குங்கம்மா" என்று சொன்னார், அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு முயன்றார், அந்தக் கைக்குக் கீழே எதுவும் அசையவில்லை.

அன்றிலிருந்து நாங்கள் கற்றுக்கொண்டதை, செய்து பார்த்து மாற்றிக்கொண்டதை எல்லாம் இங்கே எழுதுகிறேன். இது வயதாகி வரும் முட்டித் தேய்மானத்துக்கானது, எல்லா மூட்டு வலிக்கும் இது பொருந்தாது, அதனால் முதலில் உங்களுக்கு இருப்பது எது என்று தெரிந்துகொள்ளுங்கள். தேய்மானத்தில் காலையில் எழுந்ததும் ஒரு பிடிப்பு இருக்கும், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும், நடக்க நடக்க, படி ஏற ஏற வலி கூடும். காலைப் பிடிப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கிறது, இரண்டு கையிலும் விரல் மூட்டுகள் வீங்குகின்றன, உடம்பே அசதியாக இருக்கிறது என்றால் முடக்கு வாதமாக இருக்கலாம். அதற்கு ருமட்டாலஜி டாக்டரை, அதாவது மூட்டு வாத நோய்களுக்கான நிபுணரை, சீக்கிரம் பார்க்க வேண்டும், தாமதித்தால் மூட்டு உருக்குலைந்துவிடும். ராத்திரி திடீரென்று கால் கட்டைவிரல் சிவந்து, போர்வை பட்டாலே உயிர் போகிற மாதிரி வலித்தால் அது பெரும்பாலும் ரத்தத்தில் யூரிக் ஆசிட் கூடியதன் வேலை. மூட்டு சுட்டு, சிவந்து, கூடவே காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். கீழே விழுந்த பிறகு காலை ஊன்றவே முடியவில்லை என்றாலும் அப்படித்தான்.

சரி, தேய்மானம்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்புறம் ஏன் தொடை? நடக்கும்போது முட்டியில் விழும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது முன்தொடைத் தசை. அது மெலிந்தால் அத்தனையும் நேராக மூட்டில்தான் விழும். அதோடு நாம் ஜவ்வு என்று சொல்லும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது, ஸ்பாஞ்சை அமுக்கி விட்டால் தண்ணீரை உறிஞ்சுகிற மாதிரி மூட்டு அசையும்போதுதான் சுற்றியுள்ள திரவத்திலிருந்து அதற்குச் சத்து போகிறது. அசைக்காமல் வைத்திருந்தால் அதுவும் இல்லை. நாங்கள் 8 மாதம் அம்மாவுக்குச் செய்த உபகாரம் இதுதான் என்று நினைக்கும்போது இன்னும் வருத்தமாக இருக்கிறது.

முதல் பயிற்சிக்கு ஒரு குளிக்கிற துண்டு போதும். கட்டிலில் காலை நீட்டி உட்காருங்கள், துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வையுங்கள், முட்டியின் பின்பக்கத்தால் துண்டைக் கீழே அமுக்குங்கள். சரியாகச் செய்தால் முட்டிச் சில்லு தொடைப் பக்கமாக மேலே ஏறுவது கண்ணுக்குத் தெரியும், தெரியவில்லை என்றால் தொடை மேல் விரலை வைத்துப் பாருங்கள், தசை கெட்டியாக வேண்டும். 5 எண்ணும் வரை பிடித்து விடுங்கள், வாய்விட்டு எண்ணுங்கள், அப்போதுதான் மூச்சைப் பிடித்துக்கொள்ள மாட்டீர்கள் (ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு இது முக்கியம்). ஒரு காலுக்கு 10 தடவை, காலையும் மாலையும். அம்மாவுக்கு முதல் வாரம் சில்லு அசையவே இல்லை. ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ "இங்க பாரு, ஏறுது" என்று அடுப்படியில் இருந்த என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

இரண்டாவது, மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி வைத்துக்கொண்டு, இன்னொரு காலை முட்டி மடங்காமல் நேராக ஒரு அடி உயரம் தூக்குவது. பாதம் உங்களைப் பார்த்து மடங்கியிருக்கட்டும். 5 எண்ணிக்கை பிடித்துவிட்டு மெதுவாக இறக்குங்கள், தொப்பென்று போட்டுவிட்டால் பாதிப் பலன் போய்விடும். பிறகு ஒருக்களித்துப் படுத்து மேல் காலைப் பக்கவாட்டில் தூக்குவது, இது இடுப்புத் தசைக்கு, அது பலமாக இருந்தால்தான் நடக்கும்போது முட்டி உள்பக்கம் சாயாது. இதெல்லாம் சுலபமாகிவிட்டால் நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி மடக்குங்கள், அதுவும் சுலபமாகிவிட்டால் அரை கிலோ அரிசியைத் துணிப்பையில் போட்டுக் கணுக்காலில் கட்டிக்கொண்டு செய்யுங்கள்.

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் பெரியது நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவதுதான், ஏனென்றால் ஒரு நாளில் நிஜமாக நாம் செய்கிற வேலையே அதுதான். நாற்காலியின் முதுகு சுவரை ஒட்டி இருக்கட்டும், பிளாஸ்டிக் நாற்காலி என்றால் கட்டாயம் ஒட்டியிருக்க வேண்டும், வழுக்கிவிடும். இருக்கையின் முன் விளிம்புக்கு வந்து, பாதங்களைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, மூக்கு கால் விரலுக்கு நேராக வரும் வரை முன்னால் சாய்ந்து, அப்புறம் எழுங்கள். உட்காரும்போது 3 எண்ணிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். முடியவில்லை என்றால் இரண்டு தலையணை போட்டு இருக்கையை உயர்த்துங்கள், வாரா வாரம் உயரத்தைக் குறையுங்கள். இதை ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும். குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நிற்கும் பயிற்சிக்குத் தனியாக நேரம் தேவையில்லை, அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு குக்கரில் 3 விசில் வருவதற்குள் 10, 15 தடவை முடித்துவிடலாம்.

வலிக்குமே என்று கேட்பீர்கள். கொஞ்சம் வலிக்கும், அதற்குப் பயந்து நிறுத்த வேண்டாம். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த கணக்கு இது: தாங்கக்கூடிய வலிதான், மறுநாள் காலைக்குள் பழைய அளவுக்கு இறங்கிவிட்டது என்றால் செய்தது சரியான அளவு. மறுநாளும் வலி கூடுதலாகவே இருக்கிறது, முட்டி வீங்கியிருக்கிறது என்றால் அடுத்த முறை எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், பயிற்சியை விட்டுவிடாதீர்கள். வித்தியாசம் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகும். நிறைய பேர் மூன்றாவது வாரத்தில் "ஒண்ணும் பலனில்லை" என்று விட்டுவிடுகிறார்கள், அங்கேதான் பல்லைக் கடித்துக்கொண்டு தொடர வேண்டும்.

முட்டிச் சத்தம் வருவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், வலியும் வீக்கமும் இல்லாத வெறும் களக் களக் சத்தத்தால் ஒன்றும் ஆகாது. நடையைச் சமதளத்தில் 10 நிமிடமாக மூன்று தடவை பிரித்துக்கொள்ளுங்கள். மாடிப்படி ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள், இறங்கும்போது வலிக்கிற காலை முதலில் வையுங்கள், கைப்பிடியை விடாதீர்கள். கைத்தடி வைத்துக்கொள்வதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை, ஆனால் நிறைய பேர் வலிக்கிற பக்கக் கையிலேயே பிடிக்கிறார்கள், அதை எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும். கையைத் தொங்கவிட்டு நின்றால் தடியின் பிடி மணிக்கட்டு ரேகை உயரத்தில் இருக்க வேண்டும். வீட்டில் இந்தியன் டாய்லெட் மட்டும் இருந்தால் அதன் மேல் போடுகிற நாற்காலி வாங்கிப் போடுங்கள், முழுசாகக் குந்தி எழுவதுதான் தேய்ந்த முட்டிக்குப் பெரிய பாரம்.

பிடிப்புக்கு வெந்நீர்ப் பை 15 நிமிடம், வீக்கத்துக்குத் துணியில் சுற்றிய ஐஸ் 10 முதல் 15 நிமிடம். சர்க்கரை நோயால் காலில் மரத்துப்போன உணர்வு இருந்தால் இரண்டையுமே டாக்டரைக் கேட்காமல் வைக்காதீர்கள், சூடு வைத்துக்கொண்டது தெரியாமலே கொப்புளம் போட்டுவிடும்.

பிசியோதெரபிக்குப் பணம் ஒரு தடை என்றால் ஒரு விஷயம். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரைகளோடு வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருவதும் உண்டு. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். ஒரு முறையாவது தேர்ந்தவர் ஒருவர் உங்கள் காலைத் தொட்டுப் பார்த்துச் சொல்லிக்கொடுப்பது, எத்தனை வீடியோ பார்த்தாலும் கிடைக்காது.

இனி சாப்பாடு. தேய்ந்த ஜவ்வை வளர்த்துக் கொடுக்கும் உணவு எதுவும் கிடையாது, அப்படிச் சொல்லி விற்கும் பவுடரை வாங்காதீர்கள். ஜவ்வுக்கென்று விற்கும் குளுக்கோசமின் மாத்திரையைக்கூட முட்டித் தேய்மானத்துக்கு வேண்டாம் என்றுதான் அமெரிக்க ருமட்டாலஜி டாக்டர்கள் சங்கம் 2019 வழிகாட்டுதலில் சொல்லியிருக்கிறது, உடற்பயிற்சியையும் எடைக் குறைப்பையும் அதே வழிகாட்டுதல் அழுத்தமாகப் பரிந்துரைக்கிறது. சாப்பாடு செய்யக்கூடிய பெரிய உதவி எடையில்தான். உடம்பில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முட்டியில் விழும் பாரம் சுமார் 4 கிலோ குறைகிறது. 70 கிலோ இருப்பவர் மூன்றரை கிலோ குறைத்தாலே படியில் தெரியும், 7 கிலோ குறைத்தால் நன்றாகவே தெரியும்.

அதற்காகப் பட்டினி கிடக்க வேண்டாம், கிடந்தால் தசையும் சேர்ந்து கரைந்துவிடும். எங்கள் வீட்டில் செய்தது இவ்வளவுதான்: மதியத் தட்டில் சோற்றைக் கால் பங்காக்கி, பொரியலையும் கூட்டையும் பாதித் தட்டுக்கு ஏற்றினோம். அம்மா ஒரு நாளைக்கு 3 காபி குடிப்பார், ஒவ்வொன்றிலும் 2 ஸ்பூன் சர்க்கரை, அதை மாதம் அரை ஸ்பூனாகக் குறைத்துக்கொண்டே வந்தோம். சாயங்காலப் பஜ்ஜி, முறுக்கு இருந்த இடத்தில் சுண்டல் வந்தது. புரதத்தைக் கணக்குப் பாருங்கள், வயதானவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு 1 கிராமாவது வேண்டும், 60 கிலோ என்றால் 60 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான், ஒரு டம்ளர் பாலில் ஏறக்குறைய அவ்வளவே, 100 கிராம் மீனில் 20 கிராம் போல. இட்லி, சட்னி, ரசம் சாதம் என்று ஓடும் நாளில் பாதியைக்கூட எட்ட முடியாது. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் டாக்டர் சொல்கிற அளவோடு நிற்க வேண்டும். கால்சியத்துக்குக் கேழ்வரகு அருமையானது, 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது.

முடக்கத்தான் தோசை, பிரண்டைத் துவையல் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். சாப்பிடுங்கள், எங்கள் வீட்டிலும் வாரம் ஒருமுறை உண்டு, ஆனால் அதைச் சாப்பிட்டுவிட்டுப் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். பிரண்டையின் நாரை உரிக்கும்போது கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், நன்றாக வதக்கிப் புளி சேர்த்து அரையுங்கள், இல்லாவிட்டால் நாக்கு அரிக்கும். மஞ்சள் பாலும் குடிக்கலாம், ஆனால் அதை நம்பியும் பயிற்சியை விட்டுவிடாதீர்கள். மஞ்சளில் வலிக்கு உதவும் என்று சொல்லப்படும் பொருள் குர்குமின், அது மஞ்சள்தூளில் நூற்றுக்கு 3 பங்கு போலத்தான் இருக்கிறது, ஆய்வுகளில் கொடுத்துப் பார்ப்பது சுமார் 1000 மில்லிகிராம் சாறு, ஒரு ஸ்பூன் தூளில் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. சமையலில் தாராளமாகப் போடுங்கள். மாத்திரையாக எடுப்பது என்றால், அதுவும் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள், டாக்டரிடம் கேட்காமல் எடுக்காதீர்கள். வாயு என்று சொல்லி உருளை, பருப்பு, கத்தரிக்காய் எல்லாவற்றையும் ஒரேயடியாக ஒதுக்குகிறவர்களைப் பார்த்தால் கவலையாக இருக்கிறது, பருப்பும் போய்விட்டால் புரதத்துக்கு எங்கே போவது?

மத்தி, கானாங்கெளுத்தி மாதிரி எண்ணெய் மீன்களில் ஒமேகா 3 நிறைய, முடக்கு வாதக்காரர்களுக்கு அது கொஞ்சம் உதவும். அதே மத்தியும் நெத்திலியும் யூரிக் ஆசிட் உள்ளவர்களுக்கு ஆகாது, ஈரல், ஆட்டுக்கறி, பீர், சர்க்கரை போட்ட கூல்டிரிங்க்ஸ் இவையும் ஆகாது. இதனால்தான் எது என்று தெரிந்துகொள்ளாமல் பக்கத்து வீட்டுப் பத்தியத்தைப் பின்பற்றாதீர்கள் என்கிறேன்.

கடைசியாக மாத்திரை. வலி நிவாரண ஜெல்லை முட்டியில் தடவிக்கொள்வது மாத்திரையை விட வயிற்றுக்குப் பாதுகாப்பு. மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் வாங்கும் வலி மாத்திரை மாதக்கணக்கில் போனால் குடல் புண், சிறுநீரகப் பாதிப்பு, ரத்தக் கொதிப்பு எல்லாம் வரலாம். பேரில்லாத காகிதப் பொட்டலத்தில் வரும் செட் மாத்திரையோ பொடியோ இரண்டே நாளில் வலியை அடியோடு எடுத்துவிட்டால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்புண்டு. நாள் கணக்காகச் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து, அந்தப் பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள்.

பயிற்சி பலன் தருகிறதா என்று பார்க்க, மாதம் ஒருமுறை 30 வினாடியில் கை ஊன்றாமல் எத்தனை தடவை நாற்காலியிலிருந்து எழ முடிகிறது என்று எண்ணி எழுதிவையுங்கள். அம்மா பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரின் ஓரத்திலேயே எழுதுகிறார். முதல் மாதம் 4, மூன்றாவது மாதம் 7, ஆறாவது மாதம் 11. மார்கழியில் ஒரு முக்காலியை வாசலுக்கு எடுத்துப் போய் அதில் உட்கார்ந்தபடியே 7 புள்ளிக் கோலம் போட்டார், முடித்ததும் முக்காலியைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.