அப்பாவின் புல்லட்டும் குப்பைக்கூடை போல்ட்டுகளும்

கடலூர் முதுநகரின் உப்புக்காற்றில் பல ஆண்டுகள் நின்ற அப்பாவின் பழைய புல்லட் எஞ்சினைப் பிரித்தேன். துருவேறிய போல்ட்டுகளைக் குப்பைக்கூடையில் எறிந்துவிட்டு, பக்க மூடிக்குப் புதிய 6 மி.மீ. போல்ட்டைப் போட்டேன். விரலாலேயே வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஸ்பானரால் கால் சுற்று இறுக்கியதும் பிடி விட்டுவிட்டது. கழற்றினால், மரையிடுக்கில் அலுமினியத் தூள்.

பழையது கால் அங்குல போல்ட், அதாவது 6.35 மி.மீ.; அங்குலத்துக்கு 26 மரை. புதியதில் ஏறக்குறைய 25. இந்த நெருக்கம்தான் ஏமாற்றியது.

வெட்கத்தோடு கூடையைக் கிளறி, பழையவற்றை மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறவைத்து, பித்தளைத் தூரிகையால் தேய்த்தேன். கழுத்து மெலிந்த மூன்றை ஒதுக்கினேன். மற்றவை கச்சிதமாகப் பொருந்தின. கெட்ட துளைக்கு லேத் பட்டறையில் கம்பிச்சுருள் மரை வைத்துத் தந்தார்கள். சிலிண்டர் ஹெட் நட்டுகள் மட்டும் புதியவை.