பூங்காவின் பயனை ரூபாயில் அளக்கும்போது எங்கே தப்பாகிறது?

பராமரிப்புக்குக் கூடுதல் நிதி கேட்கும்போதும், பூங்கா நிலத்தில் கட்டடம் எழுப்பும் பேச்சு வரும்போதும் ‘இந்தப் பூங்காவால் சுற்றுவட்டாரத்துக்கு ஆண்டுக்கு எவ்வளவு பயன்?’ என்ற கேள்வி எழும். பதிலாக நீட்டும் எண் முதல் குறுக்குக் கேள்வியிலேயே உடைந்தால் நஷ்டம் பூங்காவுக்குத்தான். சென்னையின் ஒரு குடியிருப்புப் பூங்காவை வைத்துப் பார்ப்போம்.

பெரும்பாலான பிழைகள் வீட்டு விலையில்தான் நுழைகின்றன. பூங்காவுக்கு அருகில் என்ன விலை, தள்ளி என்ன விலை என்று பார்த்து, வித்தியாசத்தைப் பூங்காவின் பங்காக எடுப்பது பழைய முறை. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கைச் சுற்றிய 3 வார்டுகளில் 1856 முதல் 1873 வரை சொத்து மதிப்பு சுமார் 20.9 கோடி டாலர் கூடியது என்பது இன்றும் மேற்கோள் காட்டப்படும் கணக்கு. ஆனால் அதே ஆண்டுகளில் நகரமே வடக்கே வளர்ந்துகொண்டிருந்தது. பூங்கா இல்லாவிட்டாலும் வந்திருக்கக்கூடிய உயர்வைக் கழித்த பிறகே மிச்சம் பூங்காவுடையது. இங்கும் பூங்கா திறந்த சமயத்தில் மெட்ரோ நிலையமோ மேம்பாலமோ வந்திருக்கலாம். அதனால் ‘முன்பு, பின்பு’ மட்டும் போதாது. சாலை அகலம், கட்டடத்தின் வயது, மெட்ரோ தூரம், மழைநீர் தேங்கும் நிலை ஆகியவற்றில் ஒத்த, ஆனால் பூங்கா இல்லாத இன்னொரு பகுதியையும் அதே ஆண்டுகளுக்கு எடுத்து ஒப்பிடுங்கள்.

அடுத்தது, விலையை எங்கிருந்து எடுக்கிறோம் என்பது. பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பை விலையாக எடுப்பது தமிழ்நாட்டில் சர்வசாதாரணம், ஆனால் முழுத் தவறு. அது பத்திரப்பதிவுக் கட்டணத்துக்காக அரசு தெருவாரியாக வைக்கும் எண். பூங்காவை ஒட்டிய வீட்டுக்கும் அதே தெருவின் மறுகோடி வீட்டுக்கும் ஒரே மதிப்பாக இருக்கலாம். 2017 ஜூனில் மாநிலம் முழுதும் அதை 33% குறைத்தார்கள். 2023 ஏப்ரலில் பழைய அளவுக்கே கொண்டுவந்தார்கள். இது தெரியாமல் வரைபடம் போட்டால், 2017-இல் திறந்த பூங்கா நிலவிலையை விழவைத்தது போலத் தோன்றும்! வில்லங்கச் சான்றில் உள்ள தொகையும் பல சமயம் வழிகாட்டி மதிப்பை ஒட்டியே நிற்கும். பில்டரிடமிருந்து வாங்கிய புது ஃபிளாட்டுகளில் 2023 வரை பல ஆண்டுகளாகப் பிரிபடாத மனைப் பாகத்துக்கு (மனையில் அந்த ஃபிளாட்டுக்குரிய பங்கு) மட்டுமே பத்திரம், கட்டுமானத்துக்குத் தனி ஒப்பந்தம் என்று இருந்தது. எனவே அந்தக் காலப் பத்திரத்தில் உள்ள தொகை ஃபிளாட்டின் விலையே அல்ல. வங்கிக் கடனுக்கான மதிப்பீட்டு அறிக்கைகள் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் நேரில் கேட்டறிந்த மாத வாடகையே நம்பகமானது. அதில் மறைக்கக் காரணம் குறைவு.

தூரத்தை வரைபடத்தில் வட்டம் போட்டு அளக்காதீர்கள். பூங்கா 200 மீட்டரில் தெரியும்; நடுவில் ரயில் பாதையோ தடுப்பு வைத்த ஆறுவழிச் சாலையோ இருந்தால் நடை ஒரு கிலோமீட்டர் ஆகிவிடும். திறந்திருக்கும் வாசலிலிருந்து நடைதூரத்தை அளக்க வேண்டும்.

அமெரிக்க ஆய்வுகளின் விகிதத்தை அப்படியே ஒட்டவைப்பதும் கூடாது. பூங்காக்களுக்காக இயங்கும் அமெரிக்க அமைப்பான டிரஸ்ட் ஃபார் பப்ளிக் லேண்ட், பூங்காவிலிருந்து 500 அடிக்குள் உள்ள வீடுகளின் விலையில் 5% பூங்காவால் என வைத்துக்கொண்டது அங்குள்ள வீட்டுச் சந்தைக்கு. விளக்கு எரியாத, சுவர் இடிந்த பூங்கா பக்கத்து வீட்டின் விலையைக் குறைக்கவும் கூடும்.

இனி கூட்டல் பிழை. கணக்குக்காக 63 லட்ச ரூபாய் ஃபிளாட்டில் 3% பூங்காவால் என்று வைத்தால் 1.89 லட்சம், 400 வீட்டுக்கு 7.56 கோடி. இது ஒரே ஒருமுறை விலையில் ஏறிய மூலதனத் தொகை, ஆண்டு வருமானம் அல்ல. ஆண்டுப் பயன்களோடு சேர்க்க 8% வீதத்தில் ஆண்டுத் தொகையாக மாற்றினால் சுமார் 60.5 லட்சம்தான். அதோடு, அந்த வீட்டுக்காரர் கூடுதல் விலை கொடுத்ததே காலை நடைக்கும் சுத்தமான காற்றுக்கும்தான். அவருடைய நடைப்பயிற்சிப் பயனையும் தனியே சேர்த்தால் ஒன்றையே இருமுறை எண்ணுகிறோம். விலைக் கணக்கில் வராத, தூரத்திலிருந்து வருபவர்களின் பயனை மட்டும் தனியாகச் சேர்க்கலாம்.

வருகையாளரை ஞாயிறு மாலை எண்ணி 365-ஆல் பெருக்கினால் எண் ஊதிப்போகும். வாரத்தில் ஞாயிறு உட்பட 4 நாள், நாளுக்கு 4 முறை பூங்காவைச் சுற்றி வந்து உள்ளே இருப்பவர்களை எண்ணுங்கள். பல பூங்காக்கள் நண்பகலில் மூடியிருக்கும். அந்த மணிநேரத்தைக் கழியுங்கள். வடகிழக்குப் பருவமழையில் ஒரு சுற்று, கத்திரி வெயிலில் ஒரு சுற்று கட்டாயம். பயணச் செலவை வைத்து மதிப்பிடும் முறை செம்மொழிப் பூங்கா போல வெளியூர்க்காரர் வரும் இடத்துக்குப் பொருந்தும். நடந்தே வரும் தெருமுனைப் பூங்காவுக்கு அது கிட்டத்தட்டப் பூஜ்யத்தையே காட்டும்.

வாசலில் அருகம்புல் சாறும் சூப்பும் விற்கும் வண்டிகளின் விற்பனை முழுவதையும் பயனாக எழுதாதீர்கள். சரக்குச் செலவு போக மிஞ்சுவதையே எடுக்க வேண்டும். அதிலும் நாலு தெரு தள்ளியிருந்த வியாபாரம் இங்கே இடம்பெயர்ந்திருந்தால் அந்தப் பங்கைக் கழிக்க வேண்டும். தண்ணீர், காவலாள், விளக்கு, புல்வெட்டு எனப் பூங்காவின் ஆண்டுச் செலவைக் கழிக்காமல் ‘நிகரப் பயன்’ என்று சொல்லவே முடியாது.

கடைசியாக ஒன்று, பல அறிக்கைகளில் இடமே பெறுவதில்லை. வீட்டு விலை ஏற்றம் உரிமையாளருக்கு லாபம். வாடகைக்கு இருப்பவருக்கு அதுவே செலவு. பூங்கா வந்தபின் வாடகை மாதம் 1,000 ரூபாய் ஏறினால் அந்தக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 12,000 கூடுதல் சுமை; சிலர் பகுதியை விட்டே போவார்கள். நியூயார்க்கில் 2009-இல் திறந்த ஹை லைன் பூங்காவைச் சுற்றி விலை ஏறியபோது எழுந்த விவாதமும் இதுதான். ஆகவே ஒரே மொத்தத் தொகையைத் தராமல், சொந்த வீட்டுக்காரர், வாடகைதாரர், வியாபாரி, மாநகராட்சியின் சொத்துவரி என நான்கு பத்திகளாகப் பிரித்து, யாருக்கு எவ்வளவு கூடுகிறது, யாருக்குக் குறைகிறது என எழுதுங்கள்.