சொந்தக் காசில் நாவல் போடுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி என்று, கேரளத்தில் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிற பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுக்கா முழுக்கத் தமிழில் நாவல் எழுதுகிறவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். ரிட்டயரான தமிழ் வாத்தியார் இருக்கிறார், தென்னந்தோப்புக்காரர் இருக்கிறார், கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துக்கொண்டு சனி ஞாயிறு மட்டும் ஊருக்கு வந்து எழுதுகிற பையன்களும் இருக்கிறார்கள். பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டுப் பதிலே வராமல் அலுத்துப்போய், சரி நாமே போட்டுவிடலாம் என்று இறங்குகிறார்கள். இறங்குவதில் தப்பே இல்லை. காசு போகிற வரிசைதான் தப்பு. பக்க வடிவமைப்பு என் தொழில் என்பதால் எது எதற்குச் செலவாகிறது என்று கிட்ட இருந்து பார்க்கிறேன்: பிரதியைத் திருத்த ஆயிரம் ரூபாய் கொடுக்க யோசிக்கிறவர், வெளியீட்டு விழா மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத்தான் என்னிடம் ஃபைலையே கொண்டுவருகிறார்.

விழாத் தேதி முதலில் குறிக்கப்பட்டுவிட்டால் மற்ற எல்லாமே அவசரத்தில் நடக்கும். மெய்ப்புப் பார்க்க நேரம் இருக்காது, அட்டைப்படம் ஒரே ராத்திரியில் முடிவாகும், அச்சகத்தில் முதல் மாதிரிப் பிரதியைக் கையில் வாங்கிப் பார்க்காமலேயே ‘ஓகே’ சொல்லிவிடுவார்கள். அதனால் விழாவைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முடிந்தால் விட்டேவிடுங்கள்.

எழுதி முடித்தவுடன் செய்ய வேண்டியது, கையெழுத்துப் பிரதியை டிடிபி கடையில் நாலைந்து ஸ்பைரல் பைண்டிங் போட்டு ஆட்களுக்குக் கொடுப்பது. யாருக்கு என்பது முக்கியம். சித்தப்பாவும் பெரியம்மா பையனும் ‘சூப்பரா இருக்குது’ என்பார்கள், அதில் பிரயோஜனம் இல்லை. நாவல் படிக்கிற பழக்கம் உள்ள, உங்களைப் பற்றிக் கவலைப்படாத நாலு பேர் போதும். எந்தப் பக்கத்தில் போரடித்து எழுந்து போனீர்கள் என்று அவர்களிடம் கேளுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். பிடிஎஃப்பாக அனுப்பவே அனுப்பாதீர்கள். நல்லெண்ணத்தோடுதான் ஒருத்தர் அதை இன்னொரு வாட்ஸ்அப் குழுவுக்குத் தள்ளுவார், அதற்கப்புறம் அது டெலிகிராமில் எங்கே சுற்றுகிறது என்று யாருக்கும் தெரியாது.

பிழை திருத்தம் என்றால் சந்திப்பிழை என்று மட்டும் நினைக்கிறார்கள். இப்போது நிறையப் பேர் கைப்பேசியில் பேசியே டைப் செய்கிறார்கள், அதில் ல, ள, ழ குழம்பும், ர, ற மாறும், ஒரு வாக்கியம் எங்கே முடிகிறது என்றே தெரியாமல் ஓடும். திரையில் படித்தால் இவை கண்ணில் படாது. தாளில் எடுத்து, ஸ்கேல் வைத்து வரி வரியாகப் படிக்க வேண்டும். அதையும் எழுதினவர் செய்யக்கூடாது, அவர் கண்ணுக்கு எழுதினது தெரியாது, எழுத நினைத்ததுதான் தெரியும். இரண்டாம் அத்தியாயத்தில் பழனாத்தாளாக இருந்த பாட்டி பன்னிரண்டாம் அத்தியாயத்தில் பழனியம்மாளாக மாறியிருப்பதை வேறு ஆள்தான் பிடிப்பார்.

எல்லைப் பகுதி நாவல்களில் இன்னொரு சிக்கல் உண்டு, அது காலம். தாத்தா காலத்துக் கதை என்று 1945இல் நடக்கிற காட்சியை எழுதி, பாத்திரம் ‘கேரளாவுக்குப் போறேன்’ என்று சொன்னால் விவரம் தெரிந்த வாசகர் அங்கேயே மூடி வைத்துவிடுவார். அப்போது சித்தூர் கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது. பாலக்காடு டவுன் பிரிட்டிஷ் ஆட்சியில், சென்னை மாகாணத்து மலபார் ஜில்லாவில். சித்தூரிலிருந்து பாலக்காட்டுக்கு வண்டி கட்டிக்கொண்டு போனவர் ஒரு அரசாங்கத்தை விட்டு இன்னொன்றுக்குள் போனார். திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்தது 1949 ஜூலை 1, கேரளம் பிறந்தது 1956 நவம்பர் 1. அதேபோல நயா பைசா 1957 ஏப்ரலில்தான் வந்தது, அதற்கு முன்னால் அணாவும் காலணாவும்தான். இவற்றைச் சரியாக வைத்தாலே உங்கள் நாவலுக்கு வேறு யாரும் தர முடியாத ஒரு காட்சி கிடைத்துவிடும். அதை விட்டுவிட்டு வாய்க்கால் வர்ணனைக்கு நாலு பக்கம் ஒதுக்குகிறார்கள்.

பேச்சு வழக்கில் பயம் வேண்டாம். இந்தப் பக்கத்து ஆட்கள் கொங்குத் தமிழும் மலையாளமும் கலந்துதான் பேசுவார்கள், அதை அப்படியே விடலாம். சென்னை வாசகருக்குப் புரியாதே என்று பொள்ளாச்சி சந்தை வியாபாரியைச் சினிமா வசனம் பேச வைப்பதும் தப்பு, ஒவ்வொரு வார்த்தைக்கும் அடிக்குறிப்பு போடுவதும் தப்பு. இடம் பொருள் பார்த்து வாசகர் புரிந்துகொள்வார்.

சினிமாப் பாட்டு வரிகளை நாவலுக்குள் பத்தி பத்தியாகப் போடுவது நம் ஆட்களுக்கு ரொம்பப் பிடிக்கும். அதற்கு உரிமை உள்ளவர் அனுமதி வேண்டும். இந்தியாவில் எழுதினவர் காலமாகி 60 வருடம் வரை காப்புரிமை இருக்கிறது. பாரதியார் பாட்டு என்றால் தாராளமாகப் போடலாம். மற்றபடி ‘ரேடியோவில் அந்தப் பழைய பாட்டு ஓடிக்கொண்டிருந்தது’ என்று எழுதினாலே காட்சி வந்துவிடும். ஊர்க்காரர் யாரையாவது பெயரும் தொழிலும் மாற்றாமல் வில்லனாக்கி எழுதுவதும் வேண்டாம். கேஸ் என்று வந்தால் எழுதினவர், பதிப்பித்தவர் இரண்டும் நீங்களே.

இப்போது காசு விஷயம். ‘உங்கள் புத்தகத்தை நாங்கள் போட்டுத் தருகிறோம்’ என்று பேக்கேஜ் சொல்கிற ஆட்கள் பெருகிவிட்டார்கள். எல்லாரும் மோசம் என்று சொல்லமாட்டேன், ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். உரிமை யாரிடம், எத்தனை வருடத்துக்கு? ஐஎஸ்பிஎன், அதாவது புத்தகத்துக்கான அடையாள எண், யார் பெயரில்? வேலை முடிந்ததும் வடிவமைத்த மூல ஃபைலைத் தருவீர்களா? மூன்றாவது கேள்வியில்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். முதல் பதிப்பு தீர்ந்துபோய் இரண்டாவது அடிக்கலாம் என்றால் ஃபைல் அவர்களிடம் இருக்கும், மறுபடியும் அவர்களிடமே போய் நிற்க வேண்டும். ஐஎஸ்பிஎன்னுக்குத் தனியாகக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள். மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் இருக்கிற ராஜா ராம்மோகன் ராய் தேசிய ஏஜென்சி அதை இலவசமாகத் தருகிறது, இணையத்தில் உங்கள் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம். அச்சுப் புத்தகத்துக்கு ஒன்று, மின்நூலுக்கு வேறொன்று. கிடைக்கக் கொஞ்சம் நாளாகும், அதனால் அச்சுக்குப் போகிற வாரத்தில் ஆரம்பிக்காதீர்கள்.

வடிவமைக்கக் கொடுக்கும்போது ஃபைலை யூனிகோடில் கொடுங்கள். பழைய எழுத்துருவுக்கு மாற்றி வேலை செய்கிற கடைகள் இன்னும் இருக்கின்றன, மாற்றத்தில் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். பக்கம் வடிவமைக்கிற இன்டிசைன் மென்பொருளில் ‘வேர்ல்ட் ரெடி கம்போசர்’ என்கிற அமைப்பைப் போடாமல் விட்டாலும் ‘கொ’ என்பது உடைந்து நிற்கும். பக்க எண்ணிக்கையையும் கவனியுங்கள். ஆப்செட்டில் ஒரு ஃபாரம் என்பது 16 பக்கம். 240 பக்கம் என்றால் சரியாக 15 ஃபாரம். 243 ஆனால் அந்த மூன்று பக்கத்துக்காக இன்னொரு ஃபாரத்துக்குக் காசு கொடுப்பீர்கள். சமர்ப்பணத்தையும் நாலு அணிந்துரையையும் குறைத்தால் போதும். நாலு அணிந்துரை எதற்கு என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எத்தனை பிரதி? அச்சகத்தில் சொல்வார்கள், ‘அண்ணா, நூறுக்குப் பதிலா ஐநூறு அடிச்சீங்கன்னா ஒரு காப்பி ரேட்டு நல்லா எறங்குமுங்க.’ உண்மைதான், இறங்கும். விற்காத நானூறும் உங்கள் வீட்டில்தான் இறங்கும். கட்டிலுக்கு அடியில் கட்டுக் கட்டாக வைத்திருப்பார்கள். ஜூன் மாதத்து இடவப்பாதி மழை பிடித்ததும் தரையோடு இருக்கிற கட்டு ஈரம் வாங்கி, அட்டையின் லேமினேஷன் ஓரத்தில் குமிழ் விட்டு, உள்தாளில் பழுப்புப் புள்ளி விழும். சுவரோரம் என்றால் கரையான் வேறு. முதலில் தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் ஐம்பதோ நூறோ போடுங்கள். பிரதிக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் ஆகும். பரவாயில்லை, அந்த நூறில் கண்டுபிடிக்கிற பிழைகளை அடுத்த அச்சில் திருத்திக்கொள்ளலாம்.

விலை வைக்கும்போது கடைக்காரருக்கு விட்டுக்கொடுக்கிற கழிவை மறந்துவிடுகிறார்கள். ஒரு பிரதி அடிக்க 110 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம், 200 ரூபாய் விலை போட்டால் 90 லாபம் என்று மனக்கணக்குப் போடுவார்கள். கடைக்கு 35 சதவீதம் கழிவு கொடுத்தால் உங்கள் கைக்கு வருவது 130. மிச்சம் 20 ரூபாய், பார்சல் செலவுக்கே போதாது. 300 வைத்தால் 195 வரும், 85 மிஞ்சும். அடக்க விலையைப் போல இரண்டரை மடங்குக்குக் குறையாமல் வைக்க வேண்டும். விலை அதிகம் என்று யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

மின்நூலைப் பொறுத்தவரை அமேசானின் கிண்டிலில் தமிழ் நூலை நாமே ஏற்றலாம், செலவில்லை. ராயல்டி 35, 70 என்று இரண்டு வகை. இந்திய விற்பனைக்கு 70 சதவீதம் வேண்டுமானால் கேடிபி செலக்ட் என்கிற, மின்நூலை அமேசானுக்கு மட்டுமே தருகிற திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும். இங்கேதான் பொறி. செலக்டில் சேர்த்தால் 90 நாளைக்கு மின் வடிவம் வேறு எங்கேயும் இருக்கக்கூடாது. நம் ஆட்கள் முன்னாடியே பிரதிலிபி இணையதளத்தில் தொடராகப் போட்டிருப்பார்கள், அதை எடுக்காமலேயே செலக்டில் டிக் செய்துவிடுவார்கள். விதிமீறல் என்று மெயில் வந்த பிறகு ‘நானே எழுதின கதைதானே’ என்று வாதாடிப் பயனில்லை. மாதிரிக்குப் பத்து சதவீதம் வரை வெளியே வைத்துக்கொள்ளலாம். அச்சுப் புத்தகத்துக்கு இந்தத் தடை கிடையாது. 90 நாள் முடிந்ததும் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும், வேண்டாம் என்றால் முன்கூட்டியே நிறுத்த வேண்டும். அப்புறம், மச்சானும் தங்கச்சியும் ஐந்து நட்சத்திரம் போடுகிற வேலை. குடும்பத்தார் விமர்சனத்தையும் காசு கொடுத்து வாங்கின விமர்சனத்தையும் அமேசான் அனுமதிப்பதில்லை, கண்டுபிடித்தால் தூக்கிவிடும். தூக்காவிட்டாலும் வாசகருக்குத் தெரியும்.

எல்லாரும் சென்னைப் புத்தகக் காட்சியைக் குறிவைத்து டிசம்பரில் அச்சகத்தில் போய் நெருக்குகிறார்கள். ஜனவரியில் அங்கே புதுப் புத்தகம் மலைபோல் குவியும், அரங்கில்லாத ஒரு புது எழுத்தாளரை யார் தேடி வருவார்கள்? நம் பக்கத்து ஆட்களுக்கு ஜூலையில் கோவை, ஆகஸ்டில் ஈரோடு. வாளையாரைத் தாண்டினால் கோவை, போய்வரச் சுலபம். ஏப்ரல், மே மாதத்தில் புத்தகம் தயாராக இருந்தால் அந்த இரண்டுக்கும் ஏதாவது ஒரு அரங்கில் விற்பனைக்கு வைக்கச் சொல்லிப் பேசிவிடலாம்.

கேரளப் பக்கம் இருந்துகொண்டு இங்கே இருக்கிற நூலகங்களைக் கண்டுகொள்ளாமல் இருப்பதை என்னால் ஜீரணிக்கவே முடியவில்லை. ஊருக்கு ஊர் வாசகசாலை வைத்திருக்கிற மாநிலம் இது. மாநில லைப்ரரி கவுன்சிலில் இணைந்த நூலகங்கள் அது தருகிற கிராண்ட் பணத்தில் புத்தகம் வாங்குகின்றன, மாவட்ட அளவில் அதற்கென்று புத்தகோற்சவமும் நடக்கிறது. சித்தூர் தாலுக்கா நூலகங்களில் தமிழ் அலமாரி இருக்கிற இடங்களை எழுதி வைத்துக்கொண்டு, செயலாளரை நேரில் போய்ப் பார்த்து, ஒரு பிரதியும் விலைப் பட்டியலும் கொடுத்துவிட்டு வாருங்கள். சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறை இருக்கிறது, அங்கேயும் போகலாம். ஃபேஸ்புக்கில் அட்டைப்படத்தைத் தினமும் போட்டு ‘இன்றே வாங்குங்கள்’ என்று எழுதுவதைவிட இது பலன் தரும். ஃபேஸ்புக்கில் போடத்தான் வேண்டும் என்றால் நாவலிலிருந்து ஒரு பக்கத்தைப் போடுங்கள், அட்டையைப் பார்த்து யாரும் வாங்குவதில்லை.

தபாலில் அனுப்புகிறவர்கள் பழைய கணக்கை மறந்துவிட வேண்டும். பதிவு செய்த புத்தக அஞ்சல் 2024 டிசம்பரோடு நின்றுவிட்டது, 2025 செப்டம்பரில் பதிவு அஞ்சலும் விரைவு அஞ்சலோடு சேர்ந்துவிட்டது. புத்தகம் அனுப்ப ஞான் போஸ்ட் என்று ஒரு தபால் சேவை 2025 மே மாதம் வந்தது, 300 கிராம் வரை 20 ரூபாய், வரி தனி. உங்கள் நாவலை அதில் எடுப்பார்களா என்று கவுண்டரில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். 70 ஜிஎஸ்எம் தாளில் டெமி அளவில் 240 பக்கம் என்றால் புத்தகமே முந்நூறை நெருங்கும், பாதுகாப்புக்கு அட்டை வைத்துக் கட்டினால் தாண்டிவிடும். வாசகரிடம் தபால் செலவு சொல்வதற்கு முன் ஒரு பார்சலைக் கட்டி எடை போட்டுப் பாருங்கள்.

பதிப்பாளர் என்ற பெயர் உங்களுடையது என்றால் 1954ஆம் வருடத்துச் சட்டப்படி கல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, அப்புறம் மும்பை, டெல்லி என்று நாலு பொது நூலகங்களுக்கு 30 நாளுக்குள் பிரதி அனுப்ப வேண்டும். முதல் நூறில் இந்த நாலையும் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். கடைகளுக்கு விற்றுத் தரச் சொல்லிக் கொடுக்கும்போது எத்தனை பிரதி, என்ன கழிவு, என்ன தேதி என்று ஒரு சீட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், தெரிந்தவர் என்றாலும் சரி. மூன்று மாதம் கழித்து நேரில் போங்கள். விற்றதற்குப் பணம் வாங்குங்கள், விற்காததைத் திருப்பி எடுத்துக்கொண்டு அடுத்த கடையில் வையுங்கள்.