வேலை இல்லாத நேரத்துல அனிமேஷன், விஎஃப்எக்ஸ் கோர்ஸ் சேரப்போறீங்களா? பணம் கட்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க

வேலை போய் வீட்ல உக்காந்திருக்கும்போது "100% பிளேஸ்மென்ட்"னு ஒரு போர்டு கண்ணுல பட்டா மனசு நேரா அதுலதான் போய் நிக்கும். எனக்கும் அதான் ஆச்சு. 2017-ல பிபிஓ வேலை போனதும் ரெண்டே நாள்ல ஒரு அனிமேஷன் சென்டர்ல போய் சேந்துட்டேன், பீஸ் ஒன்றரை லட்சம், கைல காசு இல்லன்னு சொன்னதும் அவங்களே லோன் ஃபார்மை எடுத்து நீட்டுனாங்க, நானும் கையெழுத்து போட்டேன். நாலாவது மாசம் நல்லா சொல்லிக்குடுத்துட்டு இருந்த சார் வேற எங்கயோ போயிட்டாரு, அடுத்து வந்தவருக்கு நாங்க கேட்ட சந்தேகத்துக்கே பதில் தெரியல, ஆனா இஎம்ஐ மட்டும் மாசாமாசம் கரெக்டா கழிஞ்சுது. அந்த நிலைமை இன்னொருத்தருக்கு வரக்கூடாதுன்னுதான் இதை எழுதுறேன்.

முதல்ல ஒண்ணு, கோர்ஸை தேடாதீங்க, வேலையை தேடுங்க. டிஜிட்டல் ஆர்ட்னு சொல்றோமே தவிர அந்த பேர்ல ஒரு வேலை கிடையாது. கல்யாண ஆல்பம் டிசைன் பண்றவர், ஃப்ளெக்ஸ் கடைல கோரல்ட்ரா சாஃப்ட்வேர்ல பேனர் டிசைன் பண்றவர், யூடியூப் சேனலுக்கு எழுத்தும் படமும் அசையுற மாதிரி மோஷன் கிராபிக்ஸ் பண்றவர், கேம் கம்பெனில 3டி மாடல் செய்றவர், சினிமாவுக்கு கம்பாசிட்டிங், அதாவது தனித்தனியா எடுத்ததை ஒரே ஷாட்டா சேக்குற வேலை பண்றவர், எல்லாமே வேற வேற தொழில், சாஃப்ட்வேரும் வேற சம்பளமும் வேற. ஒரு வாரம் ஒதுக்கி வேலை சைட்டுகள்ல உங்க ஊர் பக்கம் வந்த விளம்பரம் ஒரு இருபது முப்பது எடுத்துப் படிங்க, எந்த சாஃப்ட்வேர் கேக்குறாங்க, ஃப்ரெஷர் எடுக்குறாங்களா, எல்லாத்தையும் ஒரு நோட்ல எழுதுங்க. சென்டர்ல இருக்க கவுன்சிலர் சொல்றத விட அந்த நோட்டு உங்களுக்கு நிறைய சொல்லும்.

விஎஃப்எக்ஸ், அதாவது சினிமா காட்சில கம்ப்யூட்டர்ல செய்ற வேலை பக்கம் போறவங்க ரோட்டோ பத்தி கட்டாயம் தெரிஞ்சுக்கணும், ஏன்னா புதுசா வர்றவங்களுக்கு பெரும்பாலும் கிடைக்கிறது ரோட்டோ, பெயிண்ட் (ஷாட்ல வேண்டாத கயிறு, கம்பியை அழிக்கிறது), மேட்ச்மூவ் (கேமரா அசைஞ்ச மாதிரியே கம்ப்யூட்டர்லயும் அசைய வைக்கிறது) இதுதான். ரோட்டோன்னா ஷாட்ல இருக்க ஆளை சுத்தி கோடு போட்டு பின்னணில இருந்து தனியா பிரிச்சு எடுக்குறது. சினிமா ஒரு செகண்டுக்கு 24 ஃப்ரேம், அஞ்சு செகண்ட் ஷாட்டுன்னா 120 ஃப்ரேம், ஹீரோயின் முடி காத்துல பறக்குற ஷாட்டா இருந்தா சில நாள் அதுலயே போயிடும். சென்டர் விளம்பரத்துல டிராகன் பறக்கும், டைனோசர் ஓடும், ஆனா முதல் ரெண்டு வருஷம் நீங்க செய்யப்போறது இந்த கோடு போடுற வேலையா இருக்கலாம். கேவலமான வேலைன்னு சொல்லவே இல்ல, நானே அதுலதான் சாப்பிட்டேன், கண்ணும் பொறுமையும் அதுல பழகுனதுதான். ஆனா ஏஐ முதல்ல கை வைக்கிறதும் இந்த மாதிரி வேலைலதான். அதோட 2025 பிப்ரவரில டெக்னிகலர்ங்கிற பெரிய விஎஃப்எக்ஸ் கம்பெனி மூடினப்போ பெங்களூர்லயும் மும்பைலயும் ஆயிரக்கணக்கான ஆளுங்க ஒரே நேரத்துல வெளிய வந்தாங்க, அனுபவம் உள்ளவங்களே வேலை தேடுற மார்க்கெட் இது. அதனால ரோட்டோ மட்டும் சொல்லித்தர்ற கோர்ஸுக்கு பெரிய பணம் கட்டாதீங்க, கம்பாசிட்டிங் வரைக்கும், அதுக்கான நியூக் சாஃப்ட்வேர்ல கொண்டுபோறாங்களான்னு பாருங்க.

அடுத்து, பணம் கட்றதுக்கு முன்னாடி ஒரு மாசம் வீட்லயே செஞ்சு பாருங்க. 3டிக்கு ப்ளெண்டர், வரையிறதுக்கு கிரிட்டா, லோகோ மாதிரி டிசைனுக்கு இங்க்ஸ்கேப் எல்லாமே ஃப்ரீ, எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வ்ல ஃப்ரீ வெர்ஷன் இருக்கு, நியூக்குக்கும் பழகுறதுக்குன்னு நான்-கமர்ஷியல் வெர்ஷன் தர்றாங்க. ஃப்ரீ சாஃப்ட்வேர்னா மட்டமா இருக்கும்னு நினைக்காதீங்க, 2025-ல சிறந்த அனிமேஷன் படத்துக்கு ஆஸ்கர் வாங்குன படமே ப்ளெண்டர்ல செஞ்சதுதான். சிஸ்டம் இல்லன்னா ஃப்ரெண்டு வீட்ல கேளுங்க. தினமும் மூணு மணி நேரம், முப்பது நாள். பதினஞ்சாவது நாள் போரடிச்சு விட்டுட்டீங்கன்னா லட்ச ரூபா மிச்சம், விடாம உக்காந்தீங்கன்னா உங்களுக்கே தெரிஞ்சிடும்.

அதுக்கப்புறமும் கோர்ஸ் வேணும்னு தோணுனா நேர்ல போங்க. வரவேற்புல உக்கார வெச்சு ஏசி போட்டு பேசுவாங்க, அது வேணாம், கிளாஸ் நடக்குற ரூமை காட்டச் சொல்லுங்க. சொல்லிக்குடுக்குறவர் எந்த ஸ்டுடியோல வேலை பாத்தாரு, போன பேட்ச் பசங்க செஞ்ச வேலையை சேத்து வெச்ச வீடியோ, அதாவது ஷோரீல் எங்க, அதுல ரெண்டு பேரோட நம்பர் கிடைக்குமான்னு கேளுங்க. பழைய ஸ்டூடண்ட்கிட்ட பேச விடமாட்டேன்னா அங்கயே எழுந்து வந்துடுங்க. "பிளேஸ்மென்ட்"டுக்கும் "பிளேஸ்மென்ட் அசிஸ்டன்ஸ்"க்கும் நடுவுல பெரிய பள்ளம் இருக்கு, ரெண்டாவதுன்னா இன்டர்வியூவுக்கு அனுப்புவாங்க, அவ்ளோதான். பீஸ்ல 18% ஜிஎஸ்டி சேந்துதா சேராததான்னும் கேளுங்க, கடைசில அது பெரிய தொகையா வந்து நிக்கும்.

லோன் விஷயத்துல தயவுசெஞ்சு கவனமா இருங்க. அவங்க ஏற்பாடு பண்ற இஎம்ஐ பெரும்பாலும் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனில உங்க பேர்ல எடுக்குற லோன். அந்த கம்பெனி மொத்த பணத்தையும் சென்டருக்கு குடுத்துடும், நீங்க பாதில நின்னாலும், ஏன் சென்டரே மூடினாலும், கடன் உங்க தலைல, கட்டலைன்னா சிபில் ஸ்கோர் கெட்டு அடுத்த லோன் கிடைக்கிறதே கஷ்டமாயிடும். மாசாமாசம் சென்டர்லயே நேரா பீஸ் கட்ற மாதிரி கேளுங்க, ரீஃபண்ட் எவ்ளோன்னு எழுத்துல வாங்குங்க. ஏமாத்திட்டாங்கன்னா 1915-க்கு போன் பண்ணி புகார் குடுக்கலாம், அது நுகர்வோர் ஹெல்ப்லைன்.

செலவு கம்மியா வழியும் இருக்கு. ஐடிஐல மல்டிமீடியா அனிமேஷன் அண்ட் ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ்னு ஒரு வருஷ ட்ரேட் உண்டு, 10-வது பாஸ் போதும், உங்க மாவட்டத்துல எங்க இருக்குன்னு விசாரிங்க. நான் முதல்வன், திறன் மேம்பாட்டுக் கழகம் இதுல வர்ற பயிற்சிகளையும் பாத்துட்டே இருங்க. பிளஸ் டூ முடிச்ச சின்னப் பசங்கன்னா தரமணி அரசு ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்ல அனிமேஷன், விஎஃப்எக்ஸ் டிகிரி இருக்கு, நாலு வருஷம், பொறுமை இருந்தா அதுதான் நல்லது. வேலையில்லா உதவித்தொகையை நம்பி திட்டம் போடாதீங்க, வேலைவாய்ப்பு ஆபீஸ்ல பதிஞ்சு 5 வருஷம் ஆன பட்டதாரிக்கே மாசம் 600 ரூபாதான்.

படிக்கும்போது வீட்டு செலவுக்கு ஆல்பம் டிசைன், போஸ்டர் வேலை எடுத்து செய்ங்க, தமிழ் டைப்பிங் வேகமா வந்தா ஃப்ளெக்ஸ் கடைல பகுதிநேரமா கூட உக்காரலாம். ஃபோட்டோஷாப்ல தமிழ் எழுத்து உடைஞ்சு உடைஞ்சு வந்தா பயப்படாதீங்க, டைப் செட்டிங்ஸ்ல சவுத் ஏஷியன்னோ வேர்ல்ட்-ரெடி லேஅவுட்னோ இருக்கிறதுக்கு மாத்தி வெச்சா சரியாயிடும், எனக்கு அதைக் கண்டுபிடிக்கவே ஒரு வாரம் ஆச்சு.