கொழும்பில் கேம் கொன்சோல் வாங்குமுன் அதன் உண்மையான விலையைக் கணக்கிடும் முறை

புறக்கோட்டையிலும் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலும் ஒரே கொன்சோலுக்குக் கடைக்குக் கடை வேறு விலை சொல்லப்படுவதை, முதன்முறையாக வாங்க வருபவர் உடனே கவனிப்பார். எது குறைந்த விலை என்று தேடுவதற்கு முன், அந்தப் பெட்டி வீட்டில் இருக்கும் காலம் முழுவதும் எவ்வளவு பணத்தை எடுக்கும், விற்கும்போது எவ்வளவைத் திருப்பித் தரும் என்று கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு தாளும் கைத்தொலைபேசியில் உள்ள கணிப்பானும் இதற்குப் போதும்.

படி 1: அளவுகோலாக ஒரு விலையை வைத்துக்கொள்ளுங்கள்

தயாரிப்பு நிறுவனம் அமெரிக்காவில் அறிவித்துள்ள விலையை முதலில் எழுதுங்கள். டிஸ்க் டிரைவ் (கேம் டிஸ்க்கை இடும் பகுதி) உள்ள பிளேஸ்டேஷன் 5, 2020 நவம்பரில் 499.99 டொலருக்கு வெளிவந்து, 2025 ஆகஸ்டில் 549.99 டொலராக உயர்ந்தது. டொலருக்கு 300 ரூபா என்று வைத்தால் இது ஏறத்தாழ 165,000 ரூபா. 2024 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள 18 சதவீத வற் வரியை மட்டும் சேர்த்தாலே 194,700 ரூபா ஆகிறது. இது கடைக்காரரின் கொள்விலை அன்று. அவர் சொல்லும் விலை நியாயமானதா என்று மதிப்பிட உதவும் அளவுகோல் மட்டுமே. சுங்கக் கட்டணங்கள், கப்பற்கூலி, கடையின் இலாபம் ஆகியவற்றால் விலை இதற்கு மேலே போகலாம். மிகவும் கீழே இருந்தால் காரணத்தைக் கேட்டே ஆக வேண்டும்.

பொறுத்திருந்தால் விலை இறங்கும் என்ற பழைய அறிவுரையை இன்று அப்படியே நம்ப முடியாது. 2006இல் 599 டொலருக்கு விற்ற பிளேஸ்டேஷன் 3, 2009இல் மெலிந்த வடிவில் 299 டொலருக்குக் கிடைத்தது உண்மை. ஆனால் இந்தத் தலைமுறைக் கொன்சோல்களின் விலை ஏறியிருக்கிறது. அதோடு, 2022இல் ரூபா சில வாரங்களில் எவ்வளவு சரிந்தது என்பது நாம் அனைவரும் அனுபவித்த விடயம்.

படி 2: எந்த நாட்டுப் பதிப்பு என்று பாருங்கள்

விலை வியக்கத்தக்க அளவு குறைவாக இருந்தால், அது ஜப்பானுக்கென்றே தயாரான பதிப்பாக இருக்கலாம். நிண்டெண்டோ ஸ்விட்ச் 2 கொன்சோலின், 2025இல் ஜப்பானில் 49,980 யென்னுக்கு வெளிவந்த பதிப்பில் ஜப்பானிய மொழி மட்டுமே உண்டு; ஜப்பானுக்கெனப் பதிவு செய்த கணக்கு மட்டுமே அதில் இயங்கும். பல மொழிப் பதிப்பின் விலை அப்போது 69,980 யென். மின்னழுத்தத்தையும் லேபிளில் பாருங்கள்: 100–240 வோல்ட் என்று இருந்தால் நமது 230 வோல்ட் மின்சாரத்தில் மின்மாற்றி இல்லாமலே பயன்படுத்தலாம்.

படி 3: டிஸ்க் டிரைவ் பற்றி முடிவெடுங்கள்

இந்தக் கணக்கில் அதிகப் பணம் தங்கியிருப்பது இந்த இடத்தில்தான். டிஸ்க்கில் வாங்கிய கேமை முடித்தபின் விற்கலாம், நண்பருடன் மாற்றிக்கொள்ளலாம், வெள்ளவத்தையில் இருக்கும் ஒன்றுவிட்ட தம்பிக்கு இரவல் கொடுக்கலாம். டிஜிட்டலாக, அதாவது இணையத்திலிருந்து இறக்கி வாங்கிய கேம், உங்கள் இணையக் கணக்கோடு கட்டுண்டு கிடக்கும். அதற்கு மறுவிற்பனைப் பெறுமதி இல்லை.

பின்வருவன கணக்கு முறையைக் காட்டுவதற்கு நான் வைத்துக்கொண்ட தொகைகள். உங்கள் தொகைகளை நீங்கள் இட்டுக்கொள்ளுங்கள். மூன்று ஆண்டுகளில் 12 கேம்கள், ஒன்று 15,000 ரூபா, முடித்தபின் 9,000 ரூபாவுக்கு விற்பனை என்று கொண்டால், கேம்களுக்கான நிகரச் செலவு 72,000 ரூபா. கொன்சோல் 200,000, இரண்டாவது கொன்ட்ரோலர் 20,000 ஆகியவற்றைச் சேர்த்து, இறுதியில் கொன்சோலை விற்றுக் கிடைக்கும் 110,000ஐக் கழித்தால் 182,000. மாதத்துக்கு ஏறத்தாழ 5,056 ரூபா. டிஸ்க் டிரைவ் இல்லாத டிஜிட்டல் பதிப்பை 180,000க்கும் அதே கொன்ட்ரோலரை 20,000க்கும் வாங்கி, அதே கேம்களை அதே விலைக்கு வாங்கி, கொன்சோலை 95,000க்கு விற்றால் 285,000. மாதத்துக்கு ஏறத்தாழ 7,917 ரூபா. வாங்கும் நாளில் மிச்சம் பிடித்த 20,000 ரூபா, மூன்று ஆண்டுகளில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட நட்டமாகிவிடுகிறது.

தள்ளுபடிக் காலங்களில் மட்டுமே வாங்குவோருக்கும் ஃபோர்ட்நைட் போன்ற இலவச கேம்களை மட்டும் ஆடுவோருக்கும் இந்த வித்தியாசம் வெகுவாகக் குறையும். மற்றவர்கள் முதல் கொன்சோலாக டிஸ்க் டிரைவ் உள்ளதையே வாங்க வேண்டும் என்பது எனது உறுதியான கருத்து. 2020இல் வந்த பிளேஸ்டேஷன் 5 டிஜிட்டல் பதிப்பில் டிரைவைப் பின்னர் பொருத்த முடியாது. 2023இல் வந்த மெலிந்த வடிவத்திலும் பிளேஸ்டேஷன் 5 புரோவிலும் தனியே வாங்கிப் பொருத்தலாம்.

படி 4: தொடர்ந்து வரும் செலவுகளைச் சேருங்கள்

பிளேஸ்டேஷனின் இணையச் சேவையான பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கின் நாடுகள் பட்டியலில் இலங்கை இல்லை. ஆகையால் இங்குள்ளவர்கள் வேறொரு நாட்டின் பெயரில் கணக்குத் திறந்து, அந்த நாட்டுக்குரிய பரிசு அட்டைகளை ரூபா கொடுத்து வாங்குகிறார்கள்; அட்டை விற்பவரின் இலாபமும் உங்கள் செலவுதான். டிஸ்க்கும் கணக்கும் வேறு வேறு பிராந்தியமானால் கேம் ஓடும், ஆனால் அதற்கான மேலதிகப் பகுதிகள் பொருந்தாமல் போகலாம். விலை கொடுத்து வாங்கும் பெரும்பாலான கேம்களை இணையத்தில் பிறருடன் ஆடச் சந்தா தேவை. டேட்டா செலவையும் மறவாதீர்கள்: பெரிய கேம் ஒன்று 100 ஜிகாபைட்டைத் தாண்டும்.

படி 5: பாவித்ததானால் பணம் கொடுக்குமுன் சோதியுங்கள்

விற்பவரின் வீட்டிலேயோ கடையிலேயோ இணையத்தில் இணைத்து உங்கள் கணக்கால் உள்நுழைந்து பாருங்கள். இணையச் சேவையைப் பயன்படுத்தத் தடை செய்யப்பட்ட கொன்சோல் அப்போதே வெளிப்படும். ஒரு டிஸ்க்கை இட்டு ஓடவிடுங்கள். கொன்ட்ரோலரின் குச்சிகளைத் தொடாமல் விட்டு, திரையில் பாத்திரம் தானாக நகர்கிறதா என்று கவனியுங்கள். நகர்ந்தால் புதிய கொன்ட்ரோலரின் விலையைக் கழித்தே பேரம் பேசுங்கள். பெட்டியிலும் கருவியிலும் உள்ள தொடர் இலக்கங்கள் ஒத்திருக்க வேண்டும். உத்தரவாதம் தருவது கடையா, இறக்குமதியாளரா என்பதையும் எத்தனை மாதங்களுக்கு என்பதையும் பற்றுச்சீட்டில் எழுதி வாங்கிக்கொண்ட பிறகே பணத்தைக் கொடுங்கள்.