டிசம்பரில் துரத்திப் பிடிக்கும் பன்னிரண்டு மணி நேரம்

காசாவில் தன்னார்வலராகச் சேர்ந்திருக்கிறேன் என்று ஊரில் இருக்கும் அம்மாவிடம் போனில் சொன்னபோது, "காசா? மாசம் எவ்வளவு தருவாங்க?" என்றுதான் முதலில் கேட்டார். சல்லிக்காசு கிடையாது. அமெரிக்காவில், வீட்டில் அடி உதை பட்டோ கவனிப்பார் இல்லாமலோ அரசின் பொறுப்புக்கு வந்துவிட்ட குழந்தைக்காகப் பேச நீதிமன்றம் நியமிக்கும் சாதாரண ஆளுக்குத்தான் காசா (CASA, Court Appointed Special Advocate) என்று பெயர். 1977-ல் சியாட்டிலில் டேவிட் சூக்கப் என்ற நீதிபதி தொடங்கிவைத்தது. குழந்தையைப் போய்ப் பார்க்க வேண்டும். ஆசிரியர், சமூகப் பணியாளர், குழந்தையைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் வளர்ப்புப் பெற்றோர் என்று எல்லோரிடமும் பேச வேண்டும். அப்புறம் நீதிபதிக்கு அறிக்கை எழுத வேண்டும். சட்டப் படிப்பு தேவையில்லை. 21 வயது ஆகியிருக்க வேண்டும், பின்னணிச் சோதனையில் தேற வேண்டும், 30 மணி நேர முன்பயிற்சி முடிக்க வேண்டும்.

அதற்குப் பிறகும் ஆண்டுக்கு 12 மணி நேரம் தொடர்பயிற்சி உண்டு. நான் இருக்கும் கலிஃபோர்னியாவில் நீதிமன்ற விதி 5.655 இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. இப்போது பெரும்பாலும் வெபினார், பதிவு செய்த வீடியோ, இணைய வகுப்பு என்று வீட்டிலிருந்தே முடித்துவிடலாம். வசதிதான். கோளாறும் அங்கேதான் தொடங்குகிறது.

எல்லோரும் செய்வது, நானும் முதல் ஆண்டில் செய்தது: டிசம்பர் வரை தள்ளிப்போட்டு, கடைசி இரண்டு வாரத்தில் கையில் கிடைத்த வீடியோவையெல்லாம் ஓடவிடுவது. சாம்பார் கொதிக்கிறது, மடிக்கணினியில் யாரோ ஒன்றரை மடங்கு வேகத்தில் சகோதர உறவைப் பற்றிப் பேசுகிறார், நடுநடுவே "நீங்கள் இன்னும் பார்க்கிறீர்களா" என்று வரும் பொத்தானை ஈரக்கையோடு அழுத்துகிறேன். சான்றிதழ் வந்துவிட்டது. என்ன கேட்டேன் என்று அன்று ராத்திரி கேட்டிருந்தால் திருதிருவென முழித்திருப்பேன்.

நேரத்தை எண்ணாமல் கேள்வியிலிருந்து தொடங்கினால் இந்தச் சிக்கலே வராது. குழந்தைக்குச் சிறப்புக் கல்விக் கூட்டம் நடக்கப்போகிறதா, அந்த மாதமே அதைப் பற்றிய வகுப்பைப் பாருங்கள். வளர்ப்பு வீடு மாறப்போகிறதா, பள்ளி மாறாமல் இருப்பதற்கான உரிமையைப் பற்றிக் கேளுங்கள். 2015-ம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்படி, குழந்தையின் நலனுக்கு அதுதான் நல்லது என்றால், வீடு மாறினாலும் பழைய பள்ளியிலேயே தொடரலாம். இது தெரியாமல் "சரி, புதுப் பள்ளியில் பழகிக்கொள்ளட்டும்" என்று தலையாட்டிவிட்டு வருகிற தன்னார்வலர்கள் உண்டு.

அடுத்தது, எந்த மாநிலத்தின் வகுப்பு என்று பார்க்காமல் உட்காருவது. இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக டெக்சாஸ் வெபினாரைப் பார்த்துவிட்டு கலிஃபோர்னியா வழக்கில் பேசினால் தடுமாறத்தான் செய்வோம். கூட்டாட்சிச் சட்டம் ஒன்று சொல்லும், மாநிலச் சட்டம் அதற்கு மேல் இன்னொன்றைச் சேர்க்கும். 1997-ல் வந்த தத்தெடுப்பு, பாதுகாப்பான குடும்பங்கள் சட்டம், கடைசி 22 மாதத்தில் 15 மாதம் குழந்தை வளர்ப்புப் பராமரிப்பில் இருந்துவிட்டால் பெற்றோர் உரிமையை முடித்துவைக்க அரசு மனு போட வேண்டும் என்கிறது, விலக்குகள் உண்டு. இதை மட்டும் மனதில் வைத்திருப்பவர் இன்னும் ஓராண்டுக்கு மேல் இருக்கிறதே என்று நினைப்பார். கலிஃபோர்னியாவிலோ மூன்று வயது ஆகுமுன் வீட்டிலிருந்து எடுக்கப்பட்ட குழந்தையின் பெற்றோருக்கு, மீண்டும் சேர்வதற்கான உதவிகள் பொதுவாக 6 மாதத்துக்குத்தான் தொடக்கத்தில் கிடைக்கும். அம்மா சேர வேண்டிய சிகிச்சை மையத்தில் இடமில்லை என்று இரண்டு மாதம் போய்விட்டால், அதை உடனே அறிக்கையில் எழுத வேண்டியது நீங்கள்தான்.

பழைய பதிவுகளும் இப்படித்தான் காலை வாரும். அமெரிக்கப் பழங்குடியினக் குழந்தைகளைக் குடும்பத்தையும் இனத்தையும் விட்டுப் பிரிக்காமல் காக்க வந்த 1978-ம் ஆண்டுச் சட்டம் செல்லாது என்று டெக்சாஸில் ஒரு கூட்டாட்சி நீதிபதி 2018 அக்டோபரில் தீர்ப்பளித்தார். மேல்முறையீடு ஆண்டுக்கணக்கில் இழுத்து, 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் 7-2 என்ற கணக்கில் சட்டத்தை நிலைநிறுத்தியது. நடுவில் எடுத்த வீடியோ எதையாவது இன்று பார்த்தால், அந்தச் சட்டம் ஊசலாடிக்கொண்டிருப்பதாகவே நினைப்பீர்கள். வீடியோவின் தேதியைப் பார்க்க அரை நிமிடம் ஆகாது. "என் குழந்தையைப் பார்த்தால் பழங்குடி மாதிரித் தெரியவில்லை" என்று அந்த வகுப்பையே தவிர்ப்பவர்களும் இருக்கிறார்கள். பழங்குடி உறுப்பினர் தகுதியை முகத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் அதிகம் பயப்படுவது வேறொன்றுக்கு. மனக்காயம் பற்றி இரண்டு வெபினார் பார்த்ததும் நமக்குள் ஒரு மனநல மருத்துவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். ஏஸ் (ACE, சிறுவயதுத் துன்ப அனுபவங்கள்) ஆய்வை எடுத்துக்கொள்வோம். வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா குழுவினர் 1998-ல் வெளியிட்டது. சான் டியேகோவில் கைசர் மருத்துவ அமைப்புக்கு வந்த பெரியவர்களிடம் அவர்களுடைய சிறுவயதுத் துன்பங்களைக் கேட்டு, பின்னாளில் வந்த நோய்களோடு ஒப்பிட்டார்கள். மக்கள்தொகை அளவில் முக்கியமான கண்டுபிடிப்பு. பிறகு அது பத்துக் கேள்வி, பத்து மதிப்பெண் என்று சுருங்கி எல்லா வகுப்பிலும் வருகிறது. தனி ஒருவரின் எதிர்காலத்தை இந்த மதிப்பெண்ணை வைத்துக் கணிக்கக் கூடாது என்று ஆண்டாவே சக ஆய்வாளர்களோடு 2020-ல் எழுதினார். ஆனாலும் "இந்தச் சிறுவனின் ஏஸ் மதிப்பெண் 7" என்று அறிக்கையில் எழுதக் கை துறுதுறுக்கும். எழுதாதீர்கள். குழந்தையிடம் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் கிண்டிக் கேட்காதீர்கள். அதற்குப் பயிற்சி பெற்ற நேர்காணல் ஆட்கள் இருக்கிறார்கள். நீங்கள் கேட்டது பின்னால் வழக்கையே குழப்பிவிடலாம்.

அப்படியென்றால் அந்த வகுப்பு எதற்கு? கண்ணைத் தீட்டிக்கொள்ள. விளக்கத்துக்காக நானே கற்பனை செய்த எடுத்துக்காட்டு இது (நிஜக் குழந்தையைப் பற்றி எழுத எனக்கு அனுமதி இல்லை). பயிற்சி எடுக்காதவர் எழுதுவது: "சிறுவன் முன்கோபக்காரன், வகுப்பில் அடங்குவதில்லை." பயிற்சி எடுத்தவர் எழுதுவது: "செப்டம்பரில் நான்கு முறை வகுப்பிலிருந்து வெளியே அனுப்பப்பட்டான். நான்கும் அம்மாவைச் சந்தித்த நாளுக்கு மறுநாள்." இரண்டாவதில் ஒரு மருத்துவச் சொல்கூட இல்லை. படிக்கும் நீதிபதி, சந்திப்பு எந்தக் கிழமை, எங்கே, எப்படி நடக்கிறது என்று கேட்பார்.

மருந்து விஷயமும் இதே கதைதான். கலிஃபோர்னியாவில் நீதிமன்றப் பொறுப்பில் உள்ள குழந்தைக்கு மனநல மருந்து கொடுக்க ஜேவி-220 என்ற படிவத்தில் விண்ணப்பம் போகும். காசா தன்னார்வலர் தன் தரப்பை ஜேவி-219 படிவத்தில் எழுதித் தரலாம். மருந்துகளைப் பற்றிய வகுப்பைக் கேட்டவர் தூக்கம், பசி, எடை மூன்றையும் கவனிப்பார். "புது மருந்துக்குப் பிறகு இரண்டாம் பீரியடில் தூங்கிவிடுகிறாள், காலைச் சாப்பாட்டைத் தொடுவதில்லை" என்று எழுதுவார். அளவைக் குறைக்கச் சொல்லி எழுத மாட்டார்.

ரகசியக் காப்பைப் பற்றிச் சொன்னால் எல்லோரும் தெரியும் என்பார்கள். ஜூமில் நாலு பேர் கொண்ட சிறு அறைக்குள் போனதும், "என் கேஸ்ல ஒரு ஒன்பது வயசுப் பெண்..." என்று ஆரம்பித்துவிடுவோம். ஊர், பள்ளி, அப்பா கைதான விவரம் எல்லாம் வந்துவிடும். பெயர் சொல்லாவிட்டால் என்ன, சின்ன ஊரில் அதுவே போதும். பின்னால் வீட்டுக்காரர் காபி டம்ளரோடு நடந்துபோகிறார், ஹெட்போனும் இல்லை. இப்போது கூட்டத்தில் தானாக நுழைந்து குறிப்பெடுக்கும் செயலிகள் வேறு. அலுவலகக் கணக்கில் ஜூமைத் திறந்தால் அதுவும் கூடவே வந்து உட்காரும். வெளியே அனுப்பிவிட்டு வாயைத் திறங்கள். அறிக்கையை மெருகேற்றித் தரச் சொல்லி செயற்கை நுண்ணறிவுச் செயலியில் ஒட்டுவதும் அதே தவறுதான்.

நம்மவர்களுக்கென்றே ஒரு தவறு உண்டு. "நாமும் இங்கே சிறுபான்மைதானே, பண்பாடு பற்றி நமக்கு எதற்கு வகுப்பு?" என்று தாண்டிவிடுவது. இரண்டு அடி வைத்தால் என்ன தப்பு என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பி வாங்கிய பிள்ளையிடம் ஏ எங்கே என்று கேட்பவர்களும் நாமே. வளர்ப்பு வீட்டில் குழந்தைக்கு ட்யூஷன் இல்லை என்று நான் கவலையோடு எழுதிய ஒரு பத்தியை என் மேற்பார்வையாளர் அப்படியே வெட்டினார். அந்தக் குழந்தை முதல் தடவையாக ஒரே பள்ளியில் முழுப் பருவமும் இருந்திருந்தது. அதை நான் எழுதவே இல்லை.

நல்ல வகுப்புக்குக் காசு கொடுக்க வேண்டும் என்பதும் இல்லை. தேசியக் குழந்தைப் பருவ மனக்காய வலையமைப்பின் இணையக் கற்றல் மையத்தில் இலவச வகுப்புகள் கிடைக்கின்றன. ஆனால் எது கணக்கில் சேரும் என்பதை முன்கூட்டியே உங்கள் மேற்பார்வையாளரிடம் கேட்டுவிடுங்கள். பயிற்சி ஆண்டு எந்த மாதம் தொடங்குகிறது என்றும் கேளுங்கள். சான்றிதழை அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.

எங்கள் கணக்குத் தாளில் மணி நேரத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் உண்டு: "அடுத்த சந்திப்பில் எதைக் கவனிப்பீர்கள்?" முதல் ஆண்டு டிசம்பரில் பன்னிரண்டு வரிசையிலும் "மிகவும் பயனுள்ளதாக இருந்தது" என்று நிரப்பி அனுப்பினேன். மேற்பார்வையாளர் பன்னிரண்டையும் மஞ்சளாக்கித் திருப்பி அனுப்பிவிட்டார்.