பொதுச் சுகாதார வரலாற்றைப் பீலிக்கரையில் தொடங்குங்கள்

"மிஸ், எங்கயிருந்து தொடங்குறது?" பொதுச் சுகாதார வரலாற்றை முதல் தடவையாக எடுக்கப்போகும் இளம் விரிவுரையாளர்கள் என்னிடம் கேட்பது இதுதான். பெரும்பாலானவர்கள் லண்டனில் தொடங்கத் தயாராக வந்திருப்பார்கள். 1854, கொலரா, செத்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்த டொக்டர் ஜோன் ஸ்னோ, நோயைப் பரப்பிய பிராட் தெருத் தண்ணீர்க் குழாய், அதிலிருந்து கழற்றிய கைப்பிடி. நல்ல கதை, வேண்டாம் என்று சொல்லவில்லை. நான்காவது வாரத்துக்குத் தள்ளிவையுங்கள். முதல் நாளே சொன்னால், பொதுச் சுகாதாரம் என்பது எங்கேயோ ஒரு வெள்ளைக்கார டொக்டர் கண்டுபிடித்த விசயம் என்று பிள்ளைகள் முடிவுகட்டிவிடுவார்கள்.

இலங்கையின் மலையகத்தில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே படிப்பிப்பவருக்கு அந்தச் சிரமமே தேவையில்லை. ஊற்றுத் தண்ணீர் கொட்டும் பொதுக் குழாயான பீலியும், தொழிலாளரின் வரிசை வீடுகளான லயமும் கண்ணெதிரே இருக்கின்றன.

முதல் மூன்று வாரத்துக்கு ஒரே ஒரு நோயை எடுங்கள். நான் எடுப்பது கொழுக்கிப்புழு. முட்டை மலத்தோடு மண்ணில் விழுகிறது. ஈரமும் நிழலும் இளஞ்சூடும் உள்ள மண்ணில் இளம்புழுவாகி (குடம்பி), சில நாட்களில் வெறுங்காலின் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. இரத்தத்தோடு நுரையீரலுக்கு, அங்கிருந்து தொண்டைக்கு, விழுங்கியதும் குடலுக்கு. அங்கே ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கிறது. இதைக் கரும்பலகையில் வட்டமாக வரைந்துவிட்டு, "இந்த வட்டத்தை எங்கே வெட்டலாம்?" என்று மட்டும் கேளுங்கள். மருந்து, செருப்பு, மலசலகூடம் என்று மூன்று விடையும் வந்துவிடும்.

அப்புறம் வரலாற்றுக்குப் போங்கள். 1916இல் ரொக்பெல்லர் நிறுவனத்தின் கொழுக்கிப்புழு ஒழிப்பு வேலை மாத்தளைப் பக்கத் தோட்டங்களில் தொடங்கியது. கெனோபோடியம் எண்ணெய் என்ற புழு மருந்தைக் கொடுத்து, பேதிக்கும் கொடுத்தார்கள். வாடையே குமட்டும், தலை சுற்றும், காது அடைக்கும். தோட்டத்தை நடத்திய துரைமாருக்கு மருந்து பிடித்திருந்தது. புழுவால் வந்த இரத்தச்சோகை தெளிந்த ஆள் மறுபடி மலைக்குப் போய்க் கொழுந்து பறிக்கலாம் அல்லவா? மலசலகூடம் கட்டச் சொன்னபோதுதான் இழுத்தடித்தார்கள். கட்டாத இடத்தில் மருந்து குடித்தவர் அதே மண்ணில் நடந்து மறுபடி புழுவை வாங்கிக்கொண்டார். வட்டத்தை எங்கே வெட்டுவது என்பது மருத்துவக் கேள்வி. வெட்டும் செலவு யாருடையது என்பது இன்னொரு கேள்வி. என் பாடம் முழுக்க இந்த இரண்டாவது கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டு போகிறது. தோட்டத் தொழிலாளருக்கு மருத்துவ வசதி பற்றி 1872இலேயே சட்டம் வந்தது என்பதையும் இங்கேதான் சொல்வேன். சட்டம் இருந்தும் ஏன் இப்படி என்று அவர்களே கேட்கட்டும்.

பழைய அறிக்கைகளை வாசிக்கக் கொடுக்கும்போது முழு அறிக்கையையும் கொடுத்துப் பயமுறுத்தாதீர்கள். ஒரு பக்கம் போதும். அதில் வேலை செய்பவர் யார், காசு கொடுப்பவர் யார், தன்னைப் பற்றிப் பேசப்பட்டும் தான் பேசாதவர் யார் என்று மூன்று நிறத்தில் கோடு போடச் சொல்லுங்கள். மூன்றாவது நிறம்தான் பக்கம் முழுக்க ஓடும். அந்த நிறத்துக்குரியவர்களின் பேரப்பிள்ளைகள் வகுப்பிலேயே இருப்பார்கள். இந்தியாவிலிருந்து தோட்டத்துக்கு வந்தவர்களை மண்டபம் முகாமில் தடுத்துவைத்ததும் அம்மை குத்தியதும், அதற்கும் முந்திய கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழி நடந்து வந்தவர்கள் கொலராவில் வழியிலேயே செத்ததும் சில வீடுகளில் இன்னும் கதையாக இருக்கும். கேட்டுவரச் சொல்லலாம், கட்டாயப்படுத்தக் கூடாது. சில வீடுகளில் அதைப் பேச விரும்பமாட்டார்கள்.

மலேரியாவுக்கு ஒரு புதிர் போடுங்கள். நுளம்பு வழக்கமாக வாட்டுவது வறண்ட பிரதேசத்தை. பிறகு ஏன் 1934-35 கொள்ளைநோயில் ஈரமான கேகாலை அவ்வளவு அடிபட்டது? பேராதனையிலிருந்து கொழும்பு பஸ்ஸில் போகிற பிள்ளைகளுக்கு விடை ஜன்னலுக்கு வெளியே இருக்கிறது. கடுகண்ணாவ இறக்கம் தாண்டி மாவனெல்லையில் குறுக்கிடுவது மகா ஓயா. 1934இல் மழை பொய்த்து, ஓடுகிற ஆறு வெயில் படும் குட்டைகளாக நின்றது. அந்த நோயைக் காவும் நுளம்புக்கு அதுதான் வேண்டும். சனத்துக்கோ மலேரியா பழக்கமில்லை, உடம்பில் எதிர்ப்பும் இல்லை. நாடு முழுவதும் ஏறத்தாழ 80,000 பேர் செத்தார்கள். இதே நாட்டை 2016இல் மலேரியா அற்றது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இடையில் 1963இல் நோயாளர் எண்ணிக்கை 17க்கு இறங்கி, கண்காணிப்புத் தளர்ந்ததும் 1968இல் திரும்பவும் வெடித்ததைச் சொல்லாமல் 2016க்குத் தாவாதீர்கள்.

இனி தோட்டத்துக்குக் கூட்டிப்போவது. நான் புசல்லாவைப் பக்கம் போவேன். துரையிடம் எழுத்தில் அனுமதி வாங்குவது எல்லோரும் செய்வது. தோட்டத் தலைவரிடமும் மாதர் சங்கத்திடமும் சொல்வதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். கொழுந்து நிறுக்கும் நேரத்தில் போகாதீர்கள், அம்மாமாருக்கு அப்போது உங்களோடு நிற்க ஏது நேரம்? லயத்துக் காம்பராவுக்குள் எட்டிப்பார்ப்பதும் போன் எடுத்துப் படம் பிடிப்பதும் கூடாது என்று பஸ்ஸிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். வகுப்பில் அதே லயத்துப் பிள்ளை இருக்கலாம்.

பார்க்க வேண்டியவை வெளியிலேயே இருக்கின்றன. பீலித் தண்ணீர் எந்த ஊற்றிலிருந்து வருகிறது என்று குழாயோடு மேலே ஏறச் சொல்லுங்கள். மேட்டு லயத்து மலசலகூடக் குழி எங்கே, பணிய லயத்துப் பீலி எங்கே, நடுவே எத்தனை அடி, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் வழிகிறது. இவ்வளவையும் ஒரு தாளில் பென்சிலால் வரைந்தால் போதும். ஸ்னோவின் வரைபடத்தை அதற்கு அடுத்த வகுப்பில் காட்டுங்கள், அப்போது அது தானாகவே விளங்கும். திரும்பும்போது, தாய்மார் வேலைக்குப் போகையில் குழந்தைகளைப் பார்க்கும் பிள்ளைக் காம்பராவில் கொஞ்ச நேரம். நிறை பதியும் அட்டைகளை ஆயா காட்டினால் பார்க்கலாம், நாமாகக் கேட்கக் கூடாது. அட்டைக்கடிக்கு உப்பும் சவர்க்காரமும் கொண்டுபோங்கள்.

கள வேலைக் கணக்கை கெம்பஸிலேயே பழகலாம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பிஎச்ஐ) ஒருவரை அழைத்தால் சந்தோசமாக வருவார். டெங்கு நுளம்புக் குடம்பி தேடுவதுதான் பயிற்சி. 40 வீடு பார்த்து, 4 வீட்டில் மொத்தம் 6 பாத்திரத்தில் குடம்பி இருந்தால் வீட்டுச் சுட்டெண் 10, பிறெட்டோச் சுட்டெண் 15. ஒன்று வீட்டை எண்ணுகிறது, மற்றது நூறு வீட்டுக்கு எத்தனை பாத்திரம் என்று எண்ணுகிறது. சோதனையில் இதைத்தான் குழப்புவார்கள். அதே நாளில், 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதார அலகுதான் இன்றைய எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) முறைக்கு மூலம் என்றும், தோட்டம் நெடுங்காலம் அதற்கு வெளியே துரையின் பொறுப்பில் கிடந்தது என்றும் சொல்லிவிடுங்கள்.

புள்ளி போடுவதற்குக் கட்டுரை கேட்காதீர்கள், எல்லாம் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதாகவே வரும். பீலிக்கரையில் ஒட்டக்கூடிய ஒரு பக்க அறிவித்தல் கேளுங்கள். தமிழிலும் சிங்களத்திலும் இருக்க வேண்டும், சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் சோடியாகச் செய்ய வேண்டும். "தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிக்கவும்" என்று மட்டும் எழுதினால் பாதிப் புள்ளி. விறகுக்கும் கேஸுக்கும் என்ன செலவு, அதை யார் தருவது, குழியை நகர்த்த யாரிடம் கேட்க வேண்டும் என்பதும் அறிவித்தலில் இருந்தால் முழுப் புள்ளி.